டீச்சர் நம்பரையே போடு

திலகவதி டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பிள்ளை பென்சில் சீவத் திணறினால் பிடுங்கித் தானே சீவிக் கொடுத்துவிடுவார். மதியச் சாப்பாட்டுத் தட்டை ஒருத்தி சரியாகக் கழுவவில்லை என்றால், திட்டிக்கொண்டே வாங்கிக் கழுவி வைப்பார். வீடு புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில். வேலை, அரிமளம் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போகிற ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில். பத்தொன்பது வருஷமாக அதே பள்ளி, அதே பஸ். பாடம் அறிவியல். கம்ப்யூட்டர் அவர் தலையில் வந்து விழுந்தது பிற்பாடு.

விழுந்த கதை பெரிசில்லை. ஒரு நாள் ஆறு கம்ப்யூட்டர்கள் வேனில் வந்து இறங்கின. தலைமையாசிரியர் ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "நமக்குக் கம்ப்யூட்டர் வாத்தியாரு கெடையாது. ஒங்க வீட்டுல லேப்டாப் இருக்குல்ல டீச்சர்? நீங்களே பாத்துக்கங்க" என்றார். அந்த லேப்டாப் வீட்டுக்காரருடையது. டீச்சர் அதில் அதுவரை சீரியல்தான் பார்த்திருந்தார். அதைப் போய் எச்.எம்.மிடம் சொல்ல முடியுமா? சரிங்க சார் என்று தலையை ஆட்டிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, பாடுபட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். ஆனால் கற்றுக்கொள்ளத் தனக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று என்பதை வகுப்புக்குள் நுழைந்ததும் மறந்துவிடுவார். முப்பத்தியொரு பிள்ளைகள், ஆறு கம்ப்யூட்டர், நாற்பது நிமிஷம். ஒரு பிள்ளை ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு எழுத்தைத் தேடி அலைந்தால் அவருக்குப் பொறுக்காது. "நகரு, நான் போட்டுத் தாரேன்." பிள்ளை நகர்ந்துவிடும். டீச்சர் படபடவென்று தட்டி முடிப்பார். முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த பிள்ளை.

எட்டாம் வகுப்புக்கு மெயில் கணக்குத் தொடங்குகிற பாடம் வந்தது. கணக்கு கேட்ட முதல் காரியம் போன் நம்பர். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டு நம்பரைச் சொன்னார்கள். நாலு பேருக்குச் சொல்ல நம்பர் இல்லை. அதில் ஒருத்தி செவந்தி. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள்.

"எங்க வீட்டுல ஒரே போனு டீச்சர். அதை எங்கப்பா திருப்பூருக்கு எடுத்துட்டுப் போயிருச்சு."

"அதுக்கென்ன, டீச்சர் நம்பரையே போடு. நகரு, நானே போடுறேன்."

நாலு பேருக்கும் அப்படித்தான் ஆனது. செவந்தி மட்டும் அந்தப் பத்து எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "இந்த நம்பரை எதுக்குக் கேக்குது டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றைக்கு நடத்தியிருக்க வேண்டிய பாடமே அதுதான். "பெல் அடிக்கப் போகுது, அப்பறம் சொல்றேன்" என்றார் டீச்சர். அந்த அப்பறம் வரவே இல்லை. செவந்தி எட்டாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

நாலு வருஷம் போனது. போன ஜூன் மாதம் டீச்சரைப் புதுக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பயிற்சி. போனில் வருகிற ஓ.டி.பி.யைப் பெற்ற தாய்க்கும் சொல்லாதீர்கள் என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். டீச்சர் அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. சாயங்காலம் நாலேகால் மணி, பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். போனில் ஆறு இலக்கத்தில் ஒரு ஓ.டி.பி. வந்து விழுந்தது. பின்னாலேயே தெரியாத நம்பரிலிருந்து ஓர் ஆண் குரல்.

"மேடம், ஒங்களுக்கு இப்ப ஒரு ஓ.டி.பி. வந்துருக்கும். கொஞ்சம் சொல்லுங்க, அவசரம்."

"யாருகிட்ட? நான் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குற டீச்சர். என்கிட்டயே ஆட்டையப் போடப் பாக்குறியா?" வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தது. "மேடம், வச்சிராதீங்க, ஒரு பிள்ளைக்கு" என்று ஆரம்பித்தான். பிள்ளையைச் சொல்லித்தான் ஏமாற்றுவார்கள் என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "போலீஸுல குடுத்துருவேன் படவா" என்று வைதுவிட்டு நம்பரை பிளாக் செய்தார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனசு நிறைந்து இருந்தது. மறுநாள் வகுப்பில் இதையே பாடமாக நடத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை எடுக்கப் போனார். சேலைகளை எடுத்து விரித்துப் போட்ட பெண், "டீச்சர், என்னைத் தெரியலையா? செவந்தி" என்றாள்.

"அடி நீயா. நர்சிங் சேரப் போறேன்னு ஊருல சொன்னாங்களே. லீவுக்கு வந்து நிக்கிறியா?"

"சேரலை டீச்சர். எடம் கெடைச்சுச்சு. அஞ்சு மணிக்குள்ள மெயிலைத் தொறந்து சம்மதம் குடுக்கணும், கடைசி நாளு. எப்பவும் பன்னெண்டாவது படிச்ச பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்லதான் தொறப்பேன். அன்னிக்கி அங்க கம்ப்யூட்டர் ரூமு பூட்டிக் கெடந்துச்சு. அரிமளத்துல பிரவுசிங் சென்டருக்குப் போனேன். புதுக் கம்ப்யூட்டருன்னு ஓ.டி.பி. கேட்டுச்சு. அது ஒங்க நம்பருக்குப் போவும்னு அங்க இருந்த அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நோட்டுல இருந்த நம்பரைக் குடுத்தேன். அவரு போன் போட்டாரு. யாரோ ஒரு அம்மா எடுத்து வாய்க்கு வந்தபடி வஞ்சிருச்சு. நான் வாங்கிப் போட்டேன், போகவே இல்லை."

சொல்லிக்கொண்டே சேலையை மடித்தாள். டீச்சர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த அண்ணன், ஒங்க டீச்சர்தான் அதுன்னாரு. எங்க டீச்சர் அப்பிடிப் பேச மாட்டாங்கண்ணே, நம்பர் தப்பா இருக்கும்னேன். ஒங்களைத் தேடி வரலாம்னா பஸ் இல்லை. அஞ்சு மணியும் ஆயிருச்சு."

பேசாமல் சேலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்த நினைப்பும் டீச்சருக்கு வரத்தான் செய்தது, மறைப்பானேன். "அடுத்த வருஷம் திரும்பப் போடலாம்லம்மா" என்று மட்டும் கேட்டார்.

"எங்கப்பா வேணாங்குது. ஒரு நம்பரை ஒழுங்கா எழுதத் தெரியாதவ ஊசி போடப் போறாளாக்கும்னு இன்னமும் வையுது. மாப்பிள்ளை பாக்குது டீச்சர்." செவந்தி கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்றேன், எதைத் தப்பா எழுதுனேன்னு பாத்துச் சொல்றீங்களா?"

ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏதாவது ஓர் எண் தப்பாக இருந்துவிடாதா என்று டீச்சருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆறாவது எண் வந்தது, ஏழாவது வந்தது, எட்டாவது வந்தது. பத்தும் சரி.

"நீ எழுதுனது சரிதான்டி" என்றார் டீச்சர். "போனை எடுத்ததும் நான்தான். வஞ்சதும் நான்தான். திருட்டுப் பயலுகன்னு நெனச்சு நம்பரை அடைச்சதும் நான்தான். இது எதுக்குன்னு நீ அன்னிக்கே கேட்ட. நான் சொல்லிக் குடுக்கலை."

செவந்தியின் கை சேலை மேல் அப்படியே நின்றது. திட்டுவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று டீச்சர் காத்திருந்தார். நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நான் தப்பா எழுதலையா?"

"இல்லம்மா."

பெருமூச்சு விட்டாள். முகத்தில் கோபத்தைத் தேடிய டீச்சருக்குக் கிடைத்தது நிம்மதிதான். அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை எங்கப்பாகிட்ட ஒரு தடவை வந்து சொல்லிருங்க டீச்சர்" என்றாள் செவந்தி. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.