அண்ணி சொன்ன ‘முடியாது’

ஜூன் 3: சேர்க்கைக் கட்டணம், 400; மாதக் கட்டணம், 900.
ஜூலை 1: மாதக் கட்டணம், 900.
ஆகஸ்ட் 1: மாதக் கட்டணம், 900.
ஆகஸ்ட் 16: திருப்பிக் கொடுத்தது, 450.

கடைசியில் உள்ள 450, அண்ணி தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரிடம் முடியாது என்று சொன்னதன் கணக்கு.

அண்ணியும் அவருடைய கணவரின் தங்கையும் வீட்டுக் கூடத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுப் பெற்றோரும் ‘அண்ணி’ என்றே கூப்பிட்டார்கள். ஐந்து குழந்தைகளுக்கு அனுமதி. ஐந்தாவதாக வந்தவன் ஏழு மாதக் கைக்குழந்தை. அவன் தாய்க்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

கையில் இருக்கும்வரை அவன் ராஜா. பாயில் கிடத்தினால் அவன் அலறலில் கூரை பிய்த்துக்கொண்டு போகும். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொல்லியாயிற்று. நாத்தனார் அவனுக்கு வைத்த பெயர் சைரன். ஒருவர் இடுப்பில் அவன் இருக்க, மற்றவர் தலையில் நான்கு பேர். நாத்தனாரின் மணிக்கட்டு வீங்கியே விட்டது.

மாலையில் தாய் வந்து எப்படி இருந்தான் என்று கேட்பாள். “சமத்தா இருந்தான்” என்பார் அண்ணி. நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டு வருகிறவளை எதற்கு நோகடிப்பது? இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான்.

ஜூலைக் கடைசியில், காப்பகத்துக்கு வரும் இரட்டைப் பெண்களின் அம்மா வாசலிலேயே நின்று பேசினார். அவர் பெண்கள் வீட்டில் புது விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஒருத்தி அழுவாளாம், இன்னொருத்தி காதைப் பொத்திக்கொள்வாளாம். ஆகஸ்ட் முடிவதற்குள் இது சரியாகாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். இரட்டையர் போனால் வாடகை கட்ட வழியில்லை. காப்பகத்தை மூட வேண்டியதுதான்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா அண்ணி?” என்றார் நாத்தனார்.

“என்னன்னு சொல்றது? ரெண்டு மாசமா சமத்து சமத்துன்னுட்டு, இப்ப வச்சுக்க முடியாதுன்னா?”

“கண்ணாடிக் கடைக்காரி. முதல்ல உங்க கண்ணைத்தான் பரிசோதிப்பா.”

அண்ணி யோசித்தார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்காரும்படி தாயைக் கூப்பிட்டார். ஆகஸ்ட் 2 அன்று அவளைச் சமையலறைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, எதையும் ஒளிக்காமல் வழக்கமான வேலையைப் பார்த்தார்கள். கிடத்தினார்கள், அலறினான். தூக்கினார்கள், சிரித்தான். மறுபடி கிடத்தினார்கள்.

நண்பகலுக்கு முன்பே தாய் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். வசவு விழப்போகிறது என்று அண்ணி நினைத்தார்.

“வீட்லயும் இப்படித்தான் அண்ணி. அவர் இவனைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவார். உண்மையைச் சொன்னா யார் சேர்த்துக்குவாங்கன்னுதான் தொந்தரவே இல்லாத பிள்ளைன்னு சொன்னேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க சமத்துன்னு சொல்றப்பல்லாம், உங்ககிட்ட நல்லா இருக்கான், எனக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியலன்னு நினைச்சு அழுவேன்.”

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. தாம் ஆறுதல் என்று நினைத்துக் கொடுத்தது இவளை மாலைதோறும் குத்தியிருக்கிறது. ‘சரி விடும்மா, பாத்துக்கலாம்’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாத்தனார் கட்டுப்போட்ட கையோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

“உன் மேல தப்பில்ல. அவன் மேலயும் தப்பில்ல,” என்றார் அண்ணி. “அவனுக்குன்னு நாள் பூரா ஒரு ஆள் வேணும். இங்க அஞ்சு பேருக்கு ரெண்டு பேர்தான் இருக்கோம். முடியாதும்மா.”

சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை. தாய் தலையாட்டினாள். வேறு ஏற்பாடு செய்ய இரண்டு வார அவகாசம் பேசிக்கொண்டார்கள். சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த அவள் கணவர் இரவு ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். பகலில் பிள்ளை அவர் மார்பில். மாலையில் அவள் வந்ததும் அவருக்குத் தூக்கம். ஆகஸ்ட் 16 அன்று அண்ணி பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையை முத்தமிட்டு அனுப்பினார்.

மறுநாள் அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

“அண்ணி, காது கேக்குதா உங்களுக்கு?”

“நல்லாவே கேக்குது. குழாய் சொட்டுது பாரு, ஆளைக் கூப்பிடணும்.”

இரட்டையர் போகவில்லை. அன்றிலிருந்து மாலைகளில் நடந்தது நடந்தபடியே சொல்லப்பட்டது: இன்று கடித்தான், இன்று சாப்பிடவில்லை. ஓரிரு பெற்றோர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் விலகவில்லை. காத்திருப்போர் வரிசை வாசலைத் தாண்டியது.

அந்தத் தாய் அவ்வப்போது கடிதம் எழுதினாள். தவழ்கிறான், நடக்கிறான், யாராவது தூக்கினால் இறக்கிவிடச் சொல்லி உதைக்கிறான். கடைசிக் கடிதத்தில், இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதாகவும், வரிசையில் முதல் இடம் அதற்கே வேண்டும் என்றும், இது இரவெல்லாம் தூங்காத பிள்ளை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதாகவும் எழுதியிருந்தாள். அண்ணி சேர்த்துக்கொண்டார். தாய் தினமும் நேரில் வரத் தொடங்கியதால் அதன்பின் கடிதத்துக்கு வேலையில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது, சைரன் போன மூன்றாம் வருடம் மார்ச் 11.