டிராகன் ஊரில் ஒரு கொத்து கறிவேப்பிலை

“கொடுக்காதீங்கக்கா! சும்மா மட்டும் கொடுக்காதீங்க!”

மயிலாப்பூர் மாட வீதி. ஞாயிற்றுக்கிழமை காலை. காய் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது வேறு யாருமில்லை, என் பேத்தி நந்தினி. கத்தலை வாங்கிக் கட்டிக்கொண்டது கன்னியம்மா. பல வருஷமாக நான் காய் வாங்கும் பிளாட்பாரக் கடைக்காரி. கால் கிலோ பீன்ஸைப் பையில் கொட்டிவிட்டு, வழக்கம்போல ஒரு கொத்து கறிவேப்பிலையை மேலே போட வந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்!

கை அந்தரத்தில் நிற்க, கன்னியம்மா என்னைப் பார்த்தாள்.

“இன்னா ஆயா, பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?”

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மனசுதான்... இருங்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நந்தினிக்கு அடையாறில் வேலை. கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனி. பேத்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், “கடையில வேலை” என்று சொல்லிவிடுவேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் பொய் இல்லையே! ராஜா, மந்திரவாதி, நெருப்பு கக்கும் டிராகன் எல்லாம் இருக்கிற ஒரு தேசம். அந்தத் தேசத்துக் கடைகளில் எதற்கு என்ன விலை என்று வைப்பதுதான் இவள் வேலை. அதற்கு ஏசி அறை, கழுத்தில் அடையாள அட்டை!

ஒரு நாள் சாயங்காலம் எனக்கும் அதை ஆடக் கொடுத்தாள். எனக்கு ஒரு வீராங்கனை உடம்பு கிடைத்தது. முட்டி வலி கிடையாது. மலை மேல் ஓடினேன். இதற்கே கம்பெனிக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் கடைக்குள் நுழையும் வரைக்கும்தான்.

“ஏண்டி, இப்பதான இவன்கிட்ட முந்நூறு காசு குடுத்து கத்தி வாங்கினேன்? வேணாம்னு திருப்பிக் குடுத்தா முப்பதுன்றான்?”

“எல்லா கேம்லயும் அப்படித்தான் ஆயா.”

“உறையிலேர்ந்தே எடுக்கலடி!”

“அது சிஸ்டம் ஆயா. கேள்வி கேக்காத.”

“சரி, குதிரை எவ்ளோ?”

“அறுபது.”

“ஒரு கிண்ணம் சூப்பு?”

கொஞ்சம் தயங்கினாள். “நாப்பது.”

“குதிரைய அறுத்து சூப்பு வெச்சாக்கூட அவ்ளோ ஆவாதேடி!”

அவள் அதையும் சிரிக்காமல் விளக்கினாள். சூப் குடித்தால் உயிர் ஏறுமாம். குதிரை சும்மா ஓடத்தானாம். அதனால் சூப் விலை அதிகமாம்.

யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? தி.நகரில் நகை வாங்கினால் சேதாரம், செய்கூலி என்று போட்டுத் தீட்டுகிறார்கள். மறுநாளே அதே வளையலைத் திருப்பிக் கொண்டுபோய் நில்லுங்கள் பார்ப்போம். நேற்று சிரித்தவர் இன்று பூதக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். சினிமா தியேட்டரில் டிக்கெட்டைவிட பாப்கார்ன் விலை அதிகம். பாப்கார்ன் தின்றால் உயிரா ஏறுகிறது? இதையெல்லாம் விட்டுவிட்டு டிராகன் ஊரில் போய் நியாயம் கேட்டால் எப்படி?

ஆனால் அந்தக் கடைக்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. காலையில் போனாலும் நிற்கிறான், மழையில் போனாலும் நிற்கிறான். முக்காலிகூட இல்லை. தி.நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஓநாய்த் தோல், ஓட்டைச் சட்டி, தின்று மிச்சம் வைத்த ஆப்பிள்... எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் வாங்கிக்கொள்கிறான். பேரம் இல்லை. “இன்னைக்கு என்ன லேட்டு?” என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“காய்கறிக்காரி ஒருத்தி நிக்கிறாளே, ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு போட்றாளா பாரு. கொசுறு போடாதவ என்னடி கடைக்காரி?” என்று சொல்லிவிட்டேன்.

நந்தினியின் முகம் பளிச்சென்று ஆனது. அதுவரை அவள் வைத்த விலையெல்லாம் மேலே இருக்கிறவர்கள் சொன்னது. மற்ற கேம்களில் இருப்பதைப் பார்த்துப் போட்டது. அந்தத் தேசத்தில் அவளுடையது என்று ஒரு குண்டூசிகூட இல்லை. இது அவளுடையது! ராவும் பகலும் உட்கார்ந்து செய்தாள். எது வாங்கினாலும் காய்கறிக்காரி ஒரு பச்சைக் கொத்தைக் கிள்ளி, “இதையும் வெச்சுக்க கண்ணு” என்று பையில் போடுவாள். அப்படியே கன்னியம்மா!

கேமை ஊருக்கெல்லாம் விடுவதற்கு முன்னால், கொஞ்சம் பேரிடம் கொடுத்து ஆடச் சொல்வார்களாம். கொடுத்தார்கள். ஆடினார்கள். மத்தியானத்துக்குள் டிராகன் செத்துவிட்டது!

மாதக்கணக்கில் கஷ்டப்பட்டால்தான் அதைக் கொல்ல முடியும் என்று கட்டி வைத்திருந்தார்கள். அதைக் கொல்கிற வாள் அவ்வளவு விலை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காய்கறிக்காரியிடம் போய் ஒரு காசுக்கு ஒரு வெங்காயம். கூடவே ஒரு கொத்து இலை சும்மா. அந்த இலை அந்த ஊரில் மூலிகைக் கணக்கில் வருமாம். பக்கத்து வைத்தியர் கடையில் கொடுத்தால் இருபது காசு. திரும்ப ஓடி வந்து இன்னொரு வெங்காயம்... இன்னொரு கொத்து... இருபது காசு. தேசமே வீரத்தை விட்டுவிட்டு வெங்காயம் வாங்க வரிசையில் நின்றது. ராஜாவைவிடப் பணக்காரன் தெருவுக்குத் தெரு!

நந்தினியின் மேலதிகாரி கார்த்திக். கத்துகிற ஆள் இல்லையாம், அதுதான் இன்னும் பயம். “திங்கட்கிழமை வரைக்கும் டைம். சரி பண்ணு. முடியலன்னா அந்தக் கொசுறைத் தூக்கிடு. உன் ப்ரொபேஷன் பத்தியும் அன்னைக்கே பேசிடலாம்” என்றாராம். அதாவது, வேலை நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று அன்றைக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்து படுத்தவள் சனிக்கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சொன்னேன்.

“ரெண்டாவது தடவ வந்தா, ‘இப்பதானய்யா வாங்கினு போன?’ன்னு திட்டச் சொல்லுடி.”

“வேற பேர்ல வருவாங்க ஆயா.”

“சாணியக் கரைச்சு ஊத்தச் சொல்லு.”

“ஆயா, ப்ளீஸ்... தூக்கிட்டா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை.”

“தூக்கேன் அப்ப.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இத்தனைக்கும் காரணம் என் வாய். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை, காற்றாட நடந்தாலாவது முகம் தெளியுமே என்று மாட வீதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். போன இடத்திலும் அதே கொத்து கறிவேப்பிலை, அதே “வெச்சுக்க கண்ணு”! கத்தாமல் என்ன செய்வாள்?

கன்னியம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். டிராகன், ராஜா எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்று ஏறியது.

“இரு இரு. கறிவேப்பிலைய ஒரு ஆளு காசு குடுத்து வாங்கிக்கினு கீறாரா?”

“ஆமாக்கா, வைத்தியர்.”

“ஒரு கொத்து இருவது காசுக்கா? தங்கக் காசா?”

“ஆமா...”

கன்னியம்மா தராசைக் கீழே வைத்தாள். “அந்த ஆளு எந்த ஏரியா பாப்பா? மந்தைவெளியா, ஆர்.ஏ.புரமா? ஃபோன் நம்பர் கீதா?”

“அக்கா, அது கேம்...”

“கேமோ கீமோ, அட்ரஸ் குடு. நானே போய் பேசிக்கிறேன். கோயம்பேட்லேர்ந்து கட்டுக் கட்டா தூக்கினு வரேன். இங்க எவன் வாங்கறான்? உங்க ஆயாவ பாரு, காய் அஞ்சு ரூபா கொறச்சு கேக்கும், கொசுறு மட்டும் கை நிறைய கேக்கும்! மிச்சம் மீறறத சாயந்தரம் மாட்டுக்குத்தான் போடறேன். இப்படி ஒரு கேணயன் கீறான்னு இத்தினி நாளா எவளும் சொல்லல பாரேன்!”

பக்கத்துக் கீரைக்காரிக்கும் விஷயம் போய்விட்டது. “நமக்கும் ஒரு கட்டு சேத்து பேசுக்கா!” என்று அங்கிருந்து குரல். நான் சிரித்துச் சிரித்துப் பூசணிக்காய் மேல் சாய்ந்துவிட்டேன்.

நந்தினி சிரிக்கவில்லை. வாய் பிளந்து நின்றாள்.

“ஆயா... நான் காய்கறிக்காரியையே பாத்துட்டு இருந்தேன். அவங்க மேல தப்பே இல்ல. அந்த வைத்தியர்தான்!”

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்றேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

வீட்டுக்கு வந்தவள் முதலில் மூன்று இட்லி சாப்பிட்டாள். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த இலையை வைத்தியர் வாங்க மாட்டார் என்று மாற்றினாள். கத்திக் கடைக்காரன் வாங்க மாட்டான். அந்தத் தேசத்தில் யாருமே வாங்க மாட்டார்கள். குழம்பில் போடலாம், அவ்வளவுதான். விலை என்று இருக்கிற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டாள்.

திங்கட்கிழமை கார்த்திக் கேட்டாராம்: “விக்க முடியாத பொருளை வெச்சு ப்ளேயர் என்ன செய்வான்?”

“குழம்பு வெப்பான் சார்.”

“உயிர் ஏறுமா?”

“ஏறாது. ‘வாசனையா இருக்கு’ன்னு மட்டும் வரும்.”

“ஸ்க்ரீன்ல வாசனையா?”

பிறகு அவரே, “ஒரு வாரம் விட்டுப் பாப்போம். உன் விஷயமும் அப்பவே” என்றிருக்கிறார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் குழம்பைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

இந்தத் தடவை டிராகன் சௌக்கியமாக இருந்தது. வெங்காய வரிசை கலைந்துபோனது. காய்கறிக்காரி கடையில் ஈ ஓட்டப் போகிறாள் என்று நந்தினி பயந்தாள். ஆனால் நடந்தது வேறு. ஆடுகிறவர்கள் யார் யார் எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியுமாம். ஊர் வாசலிலேயே இன்னொரு காய்கறிக் கடை இருக்கிறது, விலையும் மலிவு. அதைத் தாண்டி, ஆற்றையும் தாண்டி, நம் காய்கறிக்காரியிடம்தான் வருகிறார்களாம். ஒரு வெங்காயம். ஒரு “வெச்சுக்க கண்ணு.” திரும்பிப் போய்விடுகிறார்கள்.

ஏன் என்று ஒருவரிடம் கேட்டதற்கு, “இந்த ஊர்ல என்கிட்ட எதுவும் கேக்காம பேசறது அவங்க மட்டும்தான்” என்று எழுதியிருந்தாராம். அதை நந்தினி படித்துக் காட்டியபோது, அந்தப் பிள்ளை எந்த ஊரில் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

வாரம் முடிந்த அன்றைக்கு நந்தினி வேலை நிரந்தரமான காகிதத்தோடு வந்தாள். கொசுறும் நிரந்தரம்.

சந்தோஷத்தில் அடுத்த நாளே மாட வீதிக்குப் போனேன். கன்னியம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவளை மாதிரியே ஒருத்தி டிராகன் ஊரில் கடை போட்டிருக்கிறாள், கொசுறு கொடுத்தே பேர் வாங்கிவிட்டாள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே அரைக் கிலோ கத்திரிக்காய் போட்டாள். கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்தாள். பையில் போடவில்லை.

“வைத்தியர் இல்லாட்டி இன்னா ஆயா, என் பேரு சொல்லி அங்க யாவாரம் நடக்குதில்ல? எடு ஒரு தங்கக் காசு!”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மானப் பிரச்சினை. சுருக்குப் பையை எடுத்தேன், விரித்தேன், நிதானமாக உள்ளே துழாவினேன்...

“தங்கக் காசு தரேன்டி. மீதி சில்லறை வெச்சிருக்கியா?”

இரண்டு கொத்தாகப் போட்டாள்.