தொலையாத நாட்டைக் கண்டுபிடித்தவர்

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்? தமிழில் எந்தப் பொது அறிவுப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கங்களிலேயே இந்தக் கேள்வி இருக்கும். மறுமொழியும் எல்லோருக்கும் தெரியும். அந்த மாலுமியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் போதுமான சிலைகள் இருக்கின்றன.

ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கான பொது அறிவுப் போட்டி என் பொறுப்பு. வருடம் முழுக்க முதியோர் இல்லத்தில் தாதியாக ஓடித்திரிகிறவள் நான். ஒரு நாள் சேலை கட்டி, கையில் மைக்குடன் மேடையில் நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த மைக்கை வெட்கமில்லாமல் விரும்பினேன். போன வருடம் என் மகளுக்குப் பதினொரு வயது. பன்னிரண்டு ஆனால்தான் போட்டியில் சேர்ப்பார்கள் என்பதால், முன்வரிசையில் இருந்து எல்லா மறுமொழிகளையும் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் கேள்விகளைத் தயாரித்தவர் சங்கச் செயலாளர். நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், நல்ல மனிதர். ஒத்திகை அன்று கேள்வி அட்டைகளைக் கையில் தந்தார். கடைசி அட்டையில் அந்தக் கேள்வி. இதை வாசிக்க ஏலாது என்றேன். எழுத்து விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே உரக்க வாசித்துக் காட்டினார்.

எழுத்து நன்றாக விளங்கியது. ‘கண்டுபிடித்தவர்’ என்ற சொல்தான் தொண்டையில் சிக்கியது. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கலாம். அதுவரை இல்லாத ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கலாம். ஆட்கள் தோட்டம் செய்து, பிள்ளை பெற்று, சண்டை பிடித்துச் சமாதானமாகி வாழ்ந்துகொண்டிருந்த நாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

“அண்ணை, வீட்டில ஆக்கள் இருக்கேக்க கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்கு வந்தவனை, வீட்டைக் கண்டுபிடிச்சவன் எண்டு சொல்லுவியளோ?”

“தங்கச்சி, இது உலகம் முழுக்கக் கேக்கிற கேள்வி. அமெரிக்காக்காரன்ர பிரச்சினை எங்களுக்கேன்?”

எங்களுக்கேன் என்றா கேட்டார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் எல்லோரும் எங்களை இந்தியர் என்றே நினைத்தார்கள். அதைத் திருத்துவதற்காக அப்பா ஒரு ஜெர்மன் வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தார். ஜெர்மனில் இந்தியருக்கு ‘இண்டர்’ என்று பெயர். ‘இண்டியானர்’ என்றால் படங்களில் தலையில் இறகு செருகி வரும் அமெரிக்கப் பழங்குடியினர். அப்பாவுக்கு இரண்டும் குழம்பிவிட்டது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் மிகுந்த மரியாதையோடு, நாங்கள் இண்டியானர் இல்லை, இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றார். அந்த அறையே சிரித்தது. அப்பாவின் காது சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த பெப்ரவரியில், கார்னவால் வேடம் போடும் நாளில், பாலர் பள்ளி ஆசிரியை என் தலையில் ஓர் இறகைச் செருகினார். உனக்கு முகத்துக்கு நிறம் பூசத் தேவையில்லை என்று அன்பாகத்தான் சொன்னார்.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்த அந்த மாலுமியும் அப்பாவின் பிழையைத்தான் செய்தார். அப்பா தன் பிழையை அன்றைக்கே திருத்திக்கொண்டார். மாலுமியின் பிழையை யாரும் திருத்தவில்லை. அப்பாவின் பிழைக்குச் சிரித்தவர்கள் மாலுமியின் பிழையை அகராதியில் ஏற்றினார்கள். நாங்கள் அதற்கு முன்னால் ஒரு நிறத்தையும் சேர்த்து, செவ்விந்தியர் என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

மகளின் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய கறுப்புத் தொப்பி வெள்ளைக்காரரும் இறகு செருகிய பழங்குடியினரும் ஒரே மேசையில் வான்கோழி சாப்பிடுகிறார்கள். கதை அந்தச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மகள் கேட்டாள். பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இறந்தகால வினைச்சொற்களுக்கான பயிற்சி இருந்தது.

அண்ணைக்கு இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் அரசியலாக்கக் கூடாது என்றார். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அதே மேடையில், எங்கள் வரலாற்றை மற்றவர்கள் எழுதினார்கள், எங்களை வந்தேறுகுடிகள் என்றார்கள் என்று குரல் உடையப் பேசுகிறவர் அவர். நானும் கைதட்டியிருக்கிறேன். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் இந்தக் கேள்வியை நான் வாசிக்க வேண்டுமாம்.

விழா அன்று இரண்டு அணிகளும் சம புள்ளியில் நின்றன. மிச்சம் இருந்தது கடைசி அட்டை மட்டும். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கேள்வியைக் கேட்டேன்: ஐரோப்பாவிலிருந்து முதல் முதலாக வந்திறங்கியதாகச் சொல்லப்படும் அந்த மாலுமியைக் கரையில் நின்று பார்த்தவர்கள் யார்?

ஒரு பிள்ளை, இந்தியர் என்றது. எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மற்ற அணியில் ஒரு பிள்ளை, செவ்விந்தியர் என்றது. பலத்த கைதட்டல். புள்ளியைக் கொடு என்று நடுவர் மேசையிலிருந்து அண்ணை கையைக் காட்டினார்.

“இல்லை,” என்றேன் மைக்கில். “அது வழிமாறி வந்தவர் வைச்ச பேர். அவைக்குச் சொந்தப் பேர் இருந்தது. தைனோ.”

பிள்ளைகளை ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னார்கள். அதற்குள் அண்ணை மேடைக்கு ஏறி வந்து, சிரித்த முகத்தோடு என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். இரண்டு அணிகளுக்கும் வெற்றி என்றும் சாப்பாடு தயார் என்றும் அறிவித்தார். கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றபோது, செவ்விந்தியர் என்று சொல்லியும் புள்ளி கிடைக்காத பிள்ளையின் தாய் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் எனக்குப் பசித்தது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சில கிழமைகள் கழித்து அண்ணை தொலைபேசியில் வந்தார். சுகம் விசாரித்தார், வேலை எப்படி என்றார், இருமினார். வாற வருசம் நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கோ, கேள்வி கேட்க வேறு ஆளைப் பிடித்திருக்கிறோம் என்றார். மைக் போய்விட்டது. வலித்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். எதிரே மகள் கதிரையில் காலை ஆட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் அண்ணை, ஆரும் கேக்கட்டும்,” என்றேன். “அந்தப் பழைய கேள்வியையே கேக்கச் சொல்லுங்கோ. வாற வருசம் என்ர மகளுக்குப் பன்னிரண்டு வயசு, மறுமொழி சொல்ல அவள் வாறாள்.”