அரிசி ஆலைக்குள் ஒரு முருகன் மலை

போனவர்கள் நால்வர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா பொன்னழகு அண்ணி, ஆட்டோ ஓட்டிய ஆவூர் செபஸ்தியான். போன ஞாயிற்றுக்கிழமை.

பேரன் நல்லபடியாகப் பிறந்தால் முருகன் மலையில் படியேறிச் சுற்றி வருவதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்தான். அடுத்த மாதமே அண்ணிக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. தூக்கிப் போகிறோம் என்றால், "தூக்கிட்டுப் போனா ஏறுனது நானா, நீங்களா?" என்பார்.

அன்னவாசல் சாலையில் பழைய அரிசி ஆலை ஒன்றைப் படப்பிடிப்புக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் தெருக் கவிதாவுக்கு அங்கேதான் வேலை. "மலைய உள்ள கொண்டாந்துட்டோம். பெரியம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

திருக்கோகர்ணத்தில் காலை 8.10க்குக் கிளம்பி 8.50க்குச் சேர்ந்தோம். 18 கிலோமீட்டர். காத்திருப்போடு ஆட்டோவுக்கு 750 ரூபாய். உள்ளே கட்டணமில்லை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே ஒரே குளிர். இரண்டு ஆள் உயரத்துக்கு வளைந்து நிற்கிறது எல்.இ.டி. திரைச் சுவர். அதில் எங்கள் மலை, விடிகாலை வெளிச்சத்தில்! கேமரா நகர்ந்தால் மலையும் அதற்கேற்ப நகர்கிறது. முன்னால் நடிகர் நிற்க நாலே நாலு கல்படி.

"முன்னெல்லாம் இந்த வெளிச்சம் அரைமணி நேரந்தாங்க கெடைக்கும். இப்ப மத்தியானம் வரைக்கும் விடிஞ்சுக்கிட்டே இருக்கு" என்றார் இயக்குநர். கீரனூர்க்காரர். இந்தக் கூடம் இல்லாவிட்டால் சென்னையில் போய் வாய்ப்புக்காக நின்றிருப்பாராம்.

இடைவேளையில் கவிதா எங்களைச் சுவரருகே கூட்டிப்போனாள். அண்ணி இடது கையால் வலது கையைத் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார். பிறகு, "சுத்தணும்" என்றார்.

"அக்கா, அது சுவரு. பின்னாடி வயருதான் கெடக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மலைக்குப் பின்னாடி மட்டும் என்னடா கெடக்கு? முள்ளுதானே."

அண்ணியின் சக்கர நாற்காலியைத் தள்ளினேன். சுவரின் பின்பக்கம் அனல் அடித்தது. தரையில் கேபிள்களை மூடிய மூன்று ரப்பர் மேடுகள். முதல் மேட்டிலேயே சக்கரம் நின்றுவிட்டது. லைட் வேலை பார்க்கும் இருவர் தூக்க ஓடி வந்தார்கள்.

"விடுங்கப்பா. நான் ஏறிக்கிறேன்."

இடது கையால் என் தோளைப் பிடித்து, வலப்பக்கம் கவிதாமேல் சாய்ந்து எழுந்தார். இடது காலை மேட்டில் வைத்தார். வலது காலை இழுத்துக்கொண்டார். மூச்சு வாங்கினார். மறுபடி. மூன்று மேடும் கடந்து முன்பக்கம் வரப் பதினோரு நிமிடம் ஆனது. இயக்குநர் கேமராவைத் தொடாமல் காத்திருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணி கேட்டார்: "ஏறிட்டேன்ல, மீனா?"

செபஸ்தியான்தான் சொன்னார்: "கொரோனாவுல நாங்க டிவியில சர்ச்சுப் பூசை பாத்ததையே எங்க சாமியாரு ஏத்துக்கிட்டாரு. ஒங்க முருகன் ஏத்துக்க மாட்டாராக்கும்?" அண்ணி சிரித்துவிட்டார்.

போகிறவர்கள் சால்வை எடுத்துப்போங்கள். பொடிக்கோடு போட்ட சேலை வேண்டாம், கேமராவில் நெளிகிறதாம். சக்கர நாற்காலி என்றால் கூட இரண்டு பேர் வேண்டும்.

கந்த சஷ்டிக் கவசம் தவறாமல் படிப்பேன். ஆனால் வேண்டுதல் முறை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. "ஆமா அண்ணி" என்று சொல்ல ஆசைதான். சாமி காரியத்தில் தெரியாததைச் சொல்லப் பயம். அண்ணியோ தினமும் காலையில் கேட்கிறார். முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: வேண்டுதல் தீர்ந்ததா, இன்னும் பாக்கியா? வருகிற கிருத்திகைக்குள் பதில் எழுதுங்கள்.