இரண்டு மணி நேரத் தூரம்

சித்தி தன் கல்யாணத்துக்கு வரச் சொல்லி அனுப்பிய தந்தியை அம்மாவிடம் கொடுக்காமல் ஒளித்தவன் நான்.

இத்தனை வருடம் கழித்துச் சித்தியைப் பார்க்க அம்மாவுடன் போர்ட் பிளேரில் விமானம் ஏறியதும், சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்று அறிவித்தார்கள். பழைய மரத்தூள் வாசனை நினைவில் திரும்பி வந்தது. நான் சிறுவனாக இருந்த அன்று கப்பலில் மூன்று நாள். போனால் அடுத்த மாதம்தான் அம்மா திரும்புவாள் என்ற பயத்தில், சாத்தம் மர ஆலையிலிருந்து அடுப்பெரிக்க வாங்கிய மரத்தூள் மூட்டைக்குள் தந்தியைப் புதைத்தேன். கப்பல் போய்விட்டது. தந்தி வரவில்லை என்று அம்மா எழுதியதைச் சித்தி நம்பவில்லை. அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது.

பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாவிடம் சொன்னேன். "நீயாடா?" என்றவள், இறங்கும்வரை ஜன்னலையே பார்த்தாள்.

சித்தியிடம் வாசலிலேயே சொன்னேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

"உனக்குக் காப்பி கிடையாது" என்றாள் என்னிடம்.

மூன்று டம்ளர் வந்தன.