பூச்சோங்காரியின் தோள்

என் கணவர் கிள்ளானில் ஏர்கோன் குழாய்களுக்குத் தகரம் வளைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். நாற்பதைத் தாண்டியபின் அவருக்கு ஒரு புது ஆசை வந்தது. செப்புத் தகட்டில், உடம்பில் அணிகிற சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். அவர் அதை நகை என்றுதான் சொல்வார். தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றி, முழங்கை வரை இறங்கும் நகை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் காட்சிக்கூடம் இடம் கொடுத்ததும், அதை அணிந்து நிற்க ஆள் தேவைப்பட்டது. என்னைக் கேட்கவில்லை.

வந்தவள் பூச்சோங்கில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். முப்பது வயதிருக்கும். அகன்ற தோள்கள். அவளுடைய இடது தோளுக்கு எங்கள் ஹாலிலேயே பிளாஸ்டர் அச்சு எடுத்தார். நான்தான் இருவருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். ஒளிவு மறைவே இல்லை. சண்டை போட ஒரு காரணமும் கிடைக்காததுதான் எனக்கு எரிச்சல்.

அந்த வெள்ளைத் தோள் மூன்று மாதம் எங்கள் வாஷிங் மெஷின் மேல் இருந்தது. துணி போடும்போதெல்லாம் அதை நகர்த்த வேண்டும். அவர் தகட்டை அதன்மேல் வைத்துத் தட்டுவார், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். இத்தனை வருடத்தில் அவர் என் தோளைத் தொட்டதெல்லாம் பெரும்பாலும் பாசார் சந்தைக் கூட்டத்தில் என்னை ஓரமாக நகர்த்தத்தான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம், விளக்குகளைச் சரிபார்க்க அவர் போயிருந்தார். பெட்டியைத் திறந்து அந்த நகையை எடுத்தேன். அறைக் கண்ணாடி முன் நின்று இடது கையை நுழைத்தேன். மேலே ஏற மறுத்தது, அழுத்தித் தள்ளினேன். பிடரியில் கொக்கி டக்கென்று விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடம் அவளை மறந்தேன்.

அப்புறம் கழற்ற வரவில்லை. இழுத்தால் அக்குளுக்குக் கீழே ஓரம் வெட்டியது. இன்னும் இழுத்ததில் தகடு வளைந்தது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. நகையை எடுத்துப் போக அவள் வருவாள் என்று அவர் காலையிலேயே சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். "மாட்டிக்கிச்சாக்கா? எனக்கும் ரெண்டு வாட்டி மாட்டிக்கிச்சு லா."

என்னை அடுப்படி நாற்காலியில் உட்கார வைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தோளில் ஊற்றினாள். "மூச்ச மெதுவா விடுங்க. தோள லூசா வைங்க. அவ்ளோதான், அவ்ளோதான்." குளத்தில் பிள்ளைகளிடமும் இப்படித்தான் பேசுவாள் போல. அவள் கையில் குளோரின் வாடை அடித்தது. கொஞ்ச நேரத்தில் கழன்று வந்துவிட்டது.

"அவர்கிட்ட சொல்லாத," என்றேன். கெஞ்ச நினைத்தேன், அதட்டலாக வந்தது.

"நான் ஏன்க்கா சொல்லப்போறேன்? போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல."

"அச்சோ, வேஸ்ட் லா." உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

மறுநாள் காட்சிக்கூடத்தில் எல்லோரும் அவளைப் படம் எடுத்தார்கள். வளைந்த ஓரம் என் கணவர் கண்ணில் பட்டது. நான் வாயைத் திறக்குமுன், "என் கார் கதவுல இடிச்சிருச்சுண்ணே, சோரி," என்றாள். அவர் கடிந்துகொண்டார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டு வாங்கியதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தோள் மட்டும்தான் அவளுடையது என்று நினைத்திருந்தேன். பெருந்தன்மையும் அவளுடையதாகிவிட்டது.

திரும்பும்போது பெடரல் ஹைவேயில் நெரிசல். "வளைச்சது நான்தான். போட்டுப் பார்த்தேன்," என்றேன்.

அவர் ரேடியோவைக் குறைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"எந்த இடத்துல அழுத்துச்சு?"

"அக்குளுக்குக் கீழ."

"அந்தப் பொண்ணுக்கும் அங்கதான் குத்துச்சாம். ஓரத்த மடிச்சு விட்டிருக்கணும்."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.

அன்று மாலை அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: 'அக்கா, வலி போச்சா?' இரண்டு நாள் கழித்து, 'போச்சு' என்று போட்டேன். பக்கத்தில் நன்றி என்று அடித்ததை, அனுப்புமுன் அழித்துவிட்டேன்.