சரஸ்வதி அறைக் கணினிகள்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பெரியகல்லாற்றுப் பக்கம் கணினிகள் வந்து குவிந்தன. வீடில்லாத சனத்துக்குக் கணினி எதற்கு என்று நானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குக் கடல் வரவில்லை. அதனால் உதவியென்று கணினியும் வரவில்லை. அங்கே யுத்தம் மட்டுந்தான் போனது, வந்தது.

யுத்தம் ஓய்ந்ததும், எங்கள் கரையில் தூசி பிடித்துக் கிடந்தவற்றில் ஐந்தைக் கெஞ்சி வாங்கினேன். நான் அப்போது கணினி படிப்பிக்கும் ஆசிரியை. சம்பளம் சொற்பம், வாய் பெரிது. உழவு மெசின் இழுக்கும் பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அவற்றை ஏற்றி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெல்லாவெளிக்கு உள்ளே எனக்கு வேலை கிடைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றாக இறக்கித் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வெயிலில் நின்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒழுகாத கூரையும் பூட்டக்கூடிய கதவும் இருந்தது ஒரே ஓர் அறைக்குத்தான். சரஸ்வதி படம் வைத்து வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும் பூசை அறை.

“இஞ்சயே வைப்பம் டீச்சர். களவும் போகாது, அம்மாவும் பாத்துக்கொள்ளுவா” என்றார் அதிபர். நல்ல மனிதர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. படத்துக்குக் கீழே மேசைகளைப் போட்டோம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி, படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து மவுஸைப் பிடித்தார்கள்.

அவர்களில் ஒருத்தி எல்லாரையும் மிஞ்சினாள். தகப்பன் யுத்தத்தில் போய்விட்டார். தாய், வட்டைக்குள் அடுத்தவர்களின் வயலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறவள். “சோதினை முடிஞ்சா இவள காமென்ட்ஸுக்கு அனுப்பிப் போடுவன். வேற வழியில்ல டீச்சர்” என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். பதினாறு வயதில், எங்கோ தூரத்து ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெசினுக்கு முன்னால் இந்தப் பிள்ளையை நினைத்துப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் டவுனுக்குள், புளியந்தீவில் ஒரு பயிற்சி நிலையம், படுவான்கரைப் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியது. இலவச வகுப்பு, பஸ் காசு, படிப்பு முடிந்ததும் வேலையும் எடுத்துத் தருவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கே ஆள் வந்து, எங்கள் கணினியிலேயே பரீட்சை வைத்து ஒருவரைத் தெரிவு செய்வார். அந்த ஒருவர் இவள்தான் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் மாதத்தில் சில நாட்கள் அவள் வகுப்புக்கு வரமாட்டாள். அவள் மட்டுமா? பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள், வேப்பமரத்தடியில் நிற்பார்கள். கேட்டால் “தலையிடி டீச்சர்.” என்ன தலையிடி இது, முறைவைத்து வருகிறது என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கடைசியில் ஒருத்தி என் காதுக்குள் சொன்னாள்: “துடக்கு டீச்சர். சாமி அறைதானே.”

ஐயோ என்றாகிவிட்டது. அவர்களை யாரும் தடுக்கவில்லை. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மாதவிலக்கு நாளென்று தாங்களாகவே ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்.

அதிபரிடம் போனேன். படத்தையாவது வேறிடத்தில் வைப்போம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “ஆரு டீச்சர் தூக்கிறது? ஊர்ச்சனம் சும்மா விடுமா? கோயில் ஆக்களட்டக் கேட்டுச் சொல்றன்.”

“கேளுங்க சேர். இண்டைக்கே கேளுங்க.”

வாராவாரம் போய் ஒற்றைக்காலில் நின்றேன். பரீட்சை நாள்தான் வந்தது, பதில் வரவில்லை.

அன்று காலை அவள் வேப்பமரத்தடியில் நின்றாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது. பரீட்சைக்கு வந்தவர் உள்ளே பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

“உள்ள போ புள்ள.”

“ஏலா டீச்சர்.”

“போகாட்டி மறுகா காமென்ட்ஸுக்குத்தான் போகணும், தெரியுமா?”

“தெரியும்.” கண் நிறைய, சாமி அறைப் பக்கம் பார்த்தாள். “அம்மாக்குக் கோவம் வந்தா?”

“இஞ்ச பாரு. நான் ஒரு நாளாவது இந்த மரத்தடியில நிண்டு பாத்திருக்கியா?”

அவள் நிமிர்ந்தாள். இதை அவள் யோசித்தே இருக்கவில்லை. “அந்த நாளிலயும் உள்ளயா நிண்டீங்க?”

“ஓம். இண்டைக்கும் எனக்கு அந்த நாள்தான்.”

“உங்கள ஒண்டும் செய்யலியா அம்மா?”

“செஞ்சவதான். உனக்குப் படிப்பிக்க வெச்சிருக்கா. போ புள்ள, பேர் கூப்பிடுறாங்க.”

வாசலில் செருப்பைக் கழற்றினாள். படத்தைக் கும்பிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். கதவடியில் நின்ற நான்தான் படத்தைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டேன். வாய் பெரிதென்றால் பயம் இல்லாமலா போகும்? ஆனால் அவள் விரல்கள் நிற்கவே இல்லை. மாலையில் அந்த இடம் அவளுக்கென்று சொல்லிவிட்டுத்தான் வந்தவர் வாகனம் ஏறினார்.

அடுத்த நாள் விடிந்ததும் தாய் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. சண்டைக்குத் தயாராகச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

“உள்ள போனவளாம்” என்றாள்.

“போனவள்தான். நான்தான் அனுப்பினன்.”

இடுப்பில் செருகியிருந்த என் தலைப்பைப் பார்த்தாள்.

“அந்த நாளெண்டு நான் வட்டைக்குள்ள இறங்காம இரிந்ததில்ல டீச்சர். இறங்காட்டி ஆரு கூலி தாற? வேளாண்மை விளையாமலா போச்சு?” என்றாள். பிறகு, “புளியந்தீவு பஸ் எத்தினை மணிக்கு?” என்று கேட்டாள்.